மூச்சு தரும் கருவியும் மின்சாரமும்



செகந்திராபாத்துக்கு வடகிழக்கே சைனிக்புரி இருக்கிறது. 'சைனிக்' என்றால் படைவீரர். ராணுவத்தில் பணி செய்தவர்களின் குடியிருப்பாகத் தொடங்கிய இடம் அது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலை வந்தது. அப்போது நாடெங்கும் பல வீடுகளுக்கு ஆக்சிஜன் கருவி வந்து சேர்ந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 பங்குதான். இந்தக் கருவி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, 90 பங்குக்கு மேல் ஆக்சிஜன் தருகிறது.

சைனிக்புரியில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர். நுரையீரல் நோய். கட்டிலருகே ஆக்சிஜன் கருவி ஓடுகிறது. அதன் பிளக்கில் மூன்று கால்கள். சுவரிலோ இரண்டு துளைகள். மகன் மூன்றாவது காலை ஒடித்துவிட்டுச் சொருகிவிட்டார். மாலையில் பாட்டி கட்டிலருகே விளக்கேற்றி ஊதுபத்தி வைக்கிறார். இருவருமே தாத்தா நலமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனாலும் அந்த அறையில் இரண்டு ஆபத்துகள் உள்ளன.

முதல் ஆபத்து, ஒடித்த கால். அதுதான் எர்த். கருவிக்குள் மின்சாரம் கசிந்தால், எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், தொடுகிறவர் உடம்பு வழியே போகும். கை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம்.

இரண்டாவது ஆபத்து, விளக்கு. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் மற்றப் பொருள்களை வேகமாக எரிய வைக்கும். போர்வையிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் தங்கும். சிறு பொறி போதும்.

ஆஸ்பத்திரியிலும் மின்கருவியால் தீ வந்ததுண்டு. 2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிராவில், பண்டாரா மாவட்ட மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்தது. 10 குழந்தைகள் இறந்தன. 7 குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். குழந்தைக்குச் சூடு தரும் கருவியில் எழுந்த பொறியே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

அப்படியானால் என்ன செய்வது?

மூன்று துளை உள்ள பிளக் பாயிண்ட்டை எலக்ட்ரீஷியனைக் கொண்டு வைக்க வேண்டும். எர்த் சரியாக உள்ளதா என்றும் அவரே பார்க்கட்டும். அதே பாயிண்ட்டில் மிக்சி, இஸ்திரிப் பெட்டி சொருகக் கூடாது.

விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் பத்தடிக்குள் வரக் கூடாது. நோயாளியின் மூக்கிலும் உதட்டிலும் எண்ணெய், வாசலின் தடவக் கூடாது.

கருவியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. துணி போட்டு மூடக் கூடாது. அதற்கும் காற்று வேண்டும். துடைக்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும்.

மின்சாரம் நின்றால் கருவியும் நிற்கும். அதற்காக ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும். டாக்டர் சொன்ன அளவை நாமே கூட்டவோ குறைக்கவோ கூடாது.

யாருக்காவது ஷாக் அடித்தால் உடனே தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அன்போடு கருவி அனுப்புவார்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். அந்த ஊருக்கென்று செய்த கருவியை இங்கே நேராகச் சொருகினால் கருகிவிடும். எத்தனை வோல்ட் என்று கருவியின் பின்புறம் ஒட்டிய தாளில் இருக்கும். முன்பு அதைப் பார்க்க அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டோம். இப்போது நமக்கே படிக்கத் தெரியும். படித்துப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுவோம்.

அந்த வீட்டுப் பாட்டியும் விளக்கை முன்னறைக்கு மாற்றிக்கொள்ளலாம். சாமி அங்கேயும் இருக்கிறார்.