இதயத்துடிப்பும் ஓர் எண்ணும்



நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கிறது. அதன் வலப்புற மேலறையில் இயற்கையாகவே தோன்றும் சிறு மின்துடிப்பே அதனை இயக்குகின்றது. அம்மின்துடிப்பு தோன்றத் தவறினாலும், கீழறைக்குச் செல்லும் வழியில் தடைப்பட்டாலும், மனிதன் மயங்கி விழுகிறான். உயிருக்கே இடர் நேர்வதும் உண்டு. அக்குறையைப் போக்க உடலினுள் பொருத்தப்படுவதே பேஸ்மேக்கர் என்னும் கருவி.

1958ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் இக்கருவி முதன்முதலாக மனித உடலினுள் வைக்கப்பெற்றது. அதனை அமைத்தளித்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட். பொருத்தியவர் ஓகே சென்னிங் என்னும் அறுவை மருத்துவர். முதற்கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. எனினும் முயற்சி நிற்கவில்லை. கருவியைப் பெற்ற ஆர்னே லார்சன், இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்று, 2001ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். மருத்துவம் அறிந்தவரும் மின்னியல் அறிந்தவரும் கைகோத்தாலன்றி இப்பணி நடவாது.

அவ்விருவருள் பின்னவருக்குரிய இடத்தில், வாரத்தில் சில நாட்கள், பகுதிநேரமாக நான் மருத்துவமனைகளில் பணியாற்றுகிறேன். மருத்துவர் சிரை வழியாக மின்கம்பியை இதயத்துள் செலுத்தியதும், நான் மூன்று செய்திகளை அளந்து கூறுகிறேன். இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கம்பி உணர்கிறதா? கம்பியின் மின்தடை உரிய எல்லைக்குள் உள்ளதா? இதயத்தைத் துடிக்கச் செய்யும் மிகக் குறைந்த மின்னழுத்தம் யாது?

மூன்றாவதை அறிய, மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கிறோம். ஓரிடத்தில் இதயம் பதில் தராது. சொந்தத் துடிப்பு அற்றவராயின், கணமும் தாழ்க்காமல் அழுத்தத்தை உயர்த்திவிட வேண்டும். அவ்வெல்லை 1 வோல்ட்டுக்குள் அமைவது நன்று. மிகுந்தால் மின்கலம் விரைவில் தீரும்; கம்பியை வேறிடத்தில் பதிக்க நேரிடும்.

நெடுநேரம் போராடிய மருத்துவர் "போதுமா?" என்று வினவும்போது, "போதும்" என்று சொல்லிவிடவே நா விழையும். ஆயினும் எண் போதாதெனில், போதாதென்றே சொல்லுதல் வேண்டும். முடிவு செய்பவர் மருத்துவர்; உள்ள அளவை உள்ளவாறு உரைப்பது என் கடன். மேசைமீது கிடப்பவர் அந்த எண்ணை நம்பிப் பல்லாண்டு வாழ வேண்டியவர் அல்லரோ? என் பணிநேரம் பகுதியாயினும், அவர் உயிர் முழுமையானது.

மாணவர்களே! உங்கள் ஆய்வுக்கூடத்தில் வோல்ட்மீட்டரின் முள் காட்டுவதை, புத்தகத்து விடைக்கேற்பத் திருத்தாமல், கண்டவாறே குறித்துப் பழகுங்கள். இத்தகைய பணிக்கு வருவோரிடம் முதற்கண் வேண்டப்படுவது அப்பழக்கமே.