மகள் காட்டிய மாநகர்



பிள்ளைகளுக்கு ஊர் காட்டுவது பெற்றோரின் கடமை என்பர். அப்பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின் பெற்றோருக்கு ஊர் காட்டும் நாளும் வருவதுண்டு. என் மகள் எனக்குக் கொழும்பு மாநகரைக் காட்டிய ஒரு நாளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கொழும்பு எனக்குப் புதிய ஊரன்று. பாடசாலைக் காரியமாகப் பலமுறை வந்திருக்கிறேன். ஆயினும் வந்தபோதெல்லாம் நான் கண்டவை அலுவலகப் படிகளும் விடுதி அறையுமே. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இல் மீண்டும் ஓடத் தொடங்கும்வரை இப்பயணமே பெரும்பாடாயிருந்தது. காரியம் முடிந்தால் போதும், வீடு திரும்பவேண்டும் என்பதே அக்காலத்து எண்ணம்.

இம்முறையும் ஒரு காரியத்துடனேயே சென்றேன். நான்கு ஆண்டுகளாக அங்கே தனியாக இருந்து உத்தியோகம் பார்க்கும் மகளை, ஊர்ப்பக்கம் மாற்றம் கேட்டு வரும்படி சொல்லவேண்டுமென வீட்டிலே முடிவு செய்திருந்தோம். நான் வாய் திறக்குமுன்னரே, "அப்பா, இன்று முழுவதும் நான் சொல்லுகிறபடி நடக்கவேண்டும்" என்று கூறிவிட்டாள்.

முதலிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லால் எழுப்பிய கோயில் அது. வாயிலிற் பூ விற்கும் மூதாட்டி என் மகளைக் கண்டதும், "எங்கே, போன வெள்ளிக்கிழமை காணவில்லையே?" என்று கேட்டார். அவளுடைய வரவை எதிர்பார்க்கவும் அவ்வூரில் ஒருவர் இருக்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அடுத்துத் தேசிய நூதனசாலைக்குச் சென்றோம். தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பட்டது அது. அங்கே, 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கின்றது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அக்கல், 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீன மொழியிற் புத்தபெருமானுக்கும், தமிழிலே தென்துறையில் எழுந்தருளிய தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் கூறப்பட்டுள்ளன. இக்கல்லைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பிலே கற்பித்தவன் நான். கண்ணாற் கண்டதோ அன்றுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. மகளோ, "சிறு வயதில் நீங்கள் சொன்ன கதையைக் கேட்டுத்தான், கொழும்புக்கு வந்த முதல் வாரமே இதைப் பார்க்க வந்தேன்" என்றாள்.

மாலையிற் காலிமுகத்திடலை அடைந்தோம். தெருவைக் கடக்கையில் அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். திருவிழாக் கூட்டத்தில் நான் அவள் கையைப் பற்றிய நாள்கள் நினைவுக்கு வந்தன. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி, 1859இல் முடிந்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலத்துக்காக அதனைப் பேணுமாறு, தமக்குப் பின்வருவோரை அவர் வேண்டிக்கொண்டதைக் கூறும் கல் ஒன்று அங்குள்ளது. அதனை வாசித்துவிட்டு, இறால் வடையைக் கையிலேந்தியபடி கடலைப் பார்த்து அமர்ந்தோம்.

"என்னை ஊருக்கு அழைத்துப் போகத்தானே வந்தீர்கள்?" என்று அவளே கேட்டாள்.

"அப்படித்தான் வந்தேன், பிள்ளை. இனி அதை நீயே தீர்மானித்துக்கொள்" என்றேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அடுத்த முறை அம்மாவையும் அழைத்து வாருங்கள்" என்றாள்.

வீடு திரும்பியதும் மனைவிக்கு விடை சொல்வது எளிதாயிருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், நேயர்களே, பிள்ளைகள் வாழும் ஊருக்குப் புத்தி சொல்லப் புறப்படும் பெற்றோர், முதலில் ஒரு நாள் அவர்கள் பின்னாலே நடந்து பார்க்கவேண்டும். சொல்லவேண்டியது எது, சொல்லாமல் விடவேண்டியது எது என்பது அந்த நடையிலே தெரிந்துவிடும்.