விளங்காததைக் குறித்து வைப்போம்

 

மூலக்கூறு உயிரியலிலும் நுண்ணுயிரியலிலும் அண்மையில் நிகழ்ந்துள்ள முன்னேற்றங்களைப் பேசக் கூடியிருக்கிறோம். தலைமையுரையில் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது வழக்கம். அந்தப் பணியை இங்கே நடக்கவிருக்கும் அமர்வுகள் என்னைவிட நன்றாகச் செய்யும். நான் ஒரே ஒரு சிகிச்சையை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று பின்னோக்கிப் பார்க்க விரும்புகிறேன்.

2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி அளித்தன. கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தி நோய் தீர்க்க அனுமதி பெற்ற முதல் சிகிச்சை இதுதான். நோய், அரிவாள் செல் சோகை. பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போவதால் சிவப்பணுக்கள் வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலியைத் தருகின்றன.

காஸ்ஜெவி அந்த எழுத்துப் பிழையைத் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் வேறொரு ஹீமோகுளோபின் இருந்தது. பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற புரதம் அதன் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, சிவப்பணுக்களில் அந்தப் புரதத்தை இயக்கும் டி.என்.ஏ. பகுதியை மட்டும் வெட்டுகிறார்கள். கீமோதெரபி கொடுத்து மஜ்ஜையில் இடம் ஒழித்து, திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். குழந்தைப் பருவத்தில் நின்றுபோன ஹீமோகுளோபின் மறுபடி ஊறத் தொடங்குகிறது.

காஸ்9 என்ற அந்த வெட்டுக் கருவி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற பாக்டீரியாவின் சொத்து. அதை நாம் விரும்பும் இடத்தில் வெட்ட வைக்கலாம் என்று 2012இல் காட்டிய எமானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். 2012க்கு ஐந்தாண்டு முன்னால், டேனிஸ்கோ நிறுவனத்தில் தயிருக்கு உறையாகும் பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள், வைரஸ் தாக்குதலில் பிழைத்தவை அந்த வைரஸின் டி.என்.ஏ. துண்டு ஒன்றைத் தம் மரபணுத் தொகுதியில் சேர்த்துக்கொள்வதைக் கண்டார்கள். அதற்கும் முன்னால், ஸ்பெயினின் சான்டா போலா உப்பளங்களில் வாழும் நுண்ணுயிர்களைப் படித்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ்கோ மோஹிகா, இப்படித் துண்டுகளைச் சேர்த்துவைப்பது பாக்டீரியாவின் நோய் எதிர்ப்பு ஏற்பாடாக இருக்கும் என்று சொன்னார். முன்னணி இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2005இல்தான் அது அச்சேறியது.

தொடக்கம் 1987. ஒசாகாவில் யோஷிசுமி இஷினோவும் தோழர்களும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு மரபணுவை வரிசைப்படுத்தினார்கள். அதன் பக்கத்தில் 29 எழுத்துகள் கொண்ட ஒரு தொடர், இடைவெளி விட்டு இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வந்தது; பின்னால் கிரிஸ்பர் என்று பெயர் பெற்றது அதுதான். அவர்கள் தேடிப் போனது அதையல்ல. இருந்தும் அதை ஒதுக்கிவிடாமல், இதன் பொருள் இன்னும் தெரியவில்லை என்ற குறிப்போடு கட்டுரையின் கடைசியில் சேர்த்தார்கள். இன்றைய சிகிச்சையின் வேர் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

இது தனியொரு அதிர்ஷ்டமல்ல. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1966இல் தாமஸ் பிராக் சேகரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸின் நொதி இல்லையென்றால், பி.சி.ஆர். பரிசோதனை இன்று ஊருக்கு ஊர் நடக்காது. அந்த உயிரின் உறவினமான தெர்மஸ் தெர்மோஃபிலஸின் ரைபோசோம் வெப்பம் தாங்கும், உறுதியாகப் படிகமாகும். அதனால்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அதைத் தேர்ந்து, சிறு துணையலகின் கட்டமைப்பை 2000இல் வெளியிட முடிந்தது. 2009இல் நோபல் பரிசு வந்தது.

இப்போது எல்லோரும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பற்றிப் பேசுகிறோம். 2022இலேயே 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைக் கணித்துப் பொதுவில் வைத்துவிட்டது. ஆனால் அந்த மென்பொருள் படித்த பாடம், 1971 முதல் உலகெங்கும் ஆய்வாளர்கள் புரதத் தரவு வங்கியில் சேர்த்து வைத்த வடிவங்கள். ஒரு வடிவம் நம்பத்தக்கதா என்று சரிபார்க்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் தோழர்களும் 1963இல் தந்த வரைபடத்தை இன்றும் விரிக்கிறோம். பதிவு செய்து பகிர்ந்தவர்களின் தோளில்தான் செயற்கை நுண்ணறிவு நிற்கிறது.

இனி, நம் வாசலுக்கு வருவோம். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல். அனுமதி பெற்றபோது காஸ்ஜெவியின் அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் செல்களைத் தயாரிக்க வேண்டும், மஜ்ஜையை ஒழிக்க வேண்டும், வாரக்கணக்கில் மருத்துவமனைக் கண்காணிப்பு வேண்டும். இந்த வழியில் போனால் அந்த மலைக்கு மருந்து ஏறாது. செல்லை வெளியே எடுக்காமல் உடலுக்குள்ளேயே திருத்தும் வழி திறந்திருக்கிறது. 2025இல் ஃபிலடெல்ஃபியாவில், அரிய கல்லீரல் நொதிக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கென்றே திருத்த மருந்தை வடிவமைத்து, கொழுப்புத் துகள்களில் அடைத்துச் செலுத்தினார்கள். நம் நாட்டிலும் தில்லி மரபணுவியல் நிறுவனம் வேறொரு பாக்டீரியாவின் காஸ்9 நொதியைக் கொண்டு 2020இல் ஃபெலுடா கொரோனா பரிசோதனையை உருவாக்கியது. சொந்தக் கருவி நம்மால் ஆகாத காரியமல்ல.

மறுபுறம், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். புதிய ஆன்டிபயாடிக் எங்கே? 2015இல் அறிவிக்கப்பட்ட டெயிக்ஸோபாக்டின், ஆய்வகத் தட்டில் வளர மறுத்த ஒரு பாக்டீரியாவை அதன் மண்ணிலேயே வைத்து வளர்த்ததால் கிடைத்தது. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலும் பிச்சாவரம் சேற்றிலும் நம் தட்டில் வளராதவை எத்தனையோ இருக்கின்றன.

ஆகவே மூத்தவர்களுக்கு என் வேண்டுகோள்: நெறியாளராகவும் தேர்வாளராகவும் அமரும்போது, "இதனால் என்ன பயன்?" என்ற கேள்வியை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். 1987இல் இஷினோவை அப்படிக் கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. பிரித்தெடுத்த உயிர்களை உங்கள் குளிர்பெட்டியிலேயே முடங்க விடாமல் சண்டிகர், புணே நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களுக்கு அனுப்புங்கள். மாணவர்களே, எதிர்பாராமல் வந்த பட்டையை ஜெல் படத்திலிருந்து வெட்டிவிட்டுப் படம் ஒட்டாதீர்கள். மூன்று முறை செய்து பாருங்கள், மூன்று முறையும் வந்தால் ஆய்வேட்டில் எழுதுங்கள். இந்த அரங்கின் சுவரொட்டி அமர்வில் அப்படிப்பட்ட முடிவுகளையும் வையுங்கள். மூத்தவர்கள் நின்று கேட்பார்கள், நானும் கேட்பேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.