நல்லூர் மணியோசையும் வானொலி அலையும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவம் இருபத்தைந்து நாள்கள் நடைபெறுவது என்பதை நேயர்கள் அறிவர். தேர்த் திருவிழா நாளன்று வீதி கொள்ளாத கூட்டம். கோயில் மணி முழங்குகிறது. மணிக்கு 340 மீற்றர் தொலைவில் நிற்கும் அடியவர் ஒருவரின் செவியை அவ்வோசை சென்றடைய ஏறக்குறைய ஒரு செக்கன் ஆகும். மணியின் அருகே ஓர் ஒலிவாங்கியை வைத்து, அதே ஓசையை வானொலி அலையின்மீது ஏற்றி அனுப்புவதாகக் கொள்க. நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பை அவ்வலை ஆயிரத்தில் ஒரு செக்கனில் அடைந்துவிடும். எனவே, கொழும்பில் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் மணியோசையை முதலிற் கேட்பார். கோயில் வீதியில் நிற்பவர் பின்னரே கேட்பார்! இக்காலத்து எண்முறை ஒலிபரப்பில் கருவிகள் சிறிது காலந்தாழ்த்துவதுண்டு. ஆனால் அது கருவியின் தாமதமேயன்றி அலையின் தாமதமன்று.

இத்துணை விரைவுடைய அலை யாது? ஓசை செல்வதற்குக் காற்று வேண்டும். கடலலைக்கு நீர் வேண்டும். வானொலி அலைக்கோ எப்பொருளும் வேண்டா. வெற்றிடத்திலும் அது செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று இலட்சம் கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்.

அதன் இயல்பை விளங்கிக்கொள்ளச் சைக்கிளில் பூட்டும் தைனமோவை நினைத்தால் போதும். அதனுள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. காந்தப்புலம் மாறுவதனால் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மின் பிறக்கிறது. மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டிற் கண்ட உண்மை இது. மாறும் காந்தப்புலம் மின்புலத்தைப் பிறப்பிக்குமாயின், மாறும் மின்புலமும் காந்தப்புலத்தைப் பிறப்பிக்க வேண்டும் என்றார் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்க, அது மீண்டும் முன்னதைப் பிறப்பிக்க, இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வெளியிலே பரந்து செல்லும். அவ்வலையின் வேகத்தை அவர் கணக்கிட்டபோது அது ஒளியின் வேகமாகவே அமைந்தது. ஆகவே ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று 1865 ஆம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் நிறுவினார்.

கணக்கிற் கண்ட அலையை 1887, 1888 ஆம் ஆண்டுகளில் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்றிக் ஹேர்ட்ஸ். அதன்பின் சில ஆண்டுகளில், 1895 இல், நமது நாடுகளின் பக்கத்திலேயே ஓர் அரிய காட்சி நடந்தது. கல்கத்தாவிலே ஜகதீஷ் சந்திர போஸ், இடையிற் கம்பி எதுவுமின்றி, சுவரையும் ஊடுருவிச் சென்ற அலையினால் தூரத்திலிருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்தார்.

இனி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இவ்வலைகள் ஏன் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அலைநீளம். ஒரு செக்கனில் எத்தனை அலைகள் கடக்கின்றன என்பது மீடிறன். இரண்டையும் பெருக்கினால் வேகம் வரும். திருச்சிராப்பள்ளி வானொலியின் 936 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையை எடுத்துக்கொண்டால், அதன் அலைநீளம் ஏறக்குறைய 320 மீற்றர். கண்ணாற் காணும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. அதனாலேயே ஒரு பனைமரம் வெயிலுக்கு நிழல் தருகிறது; மத்திய அலைக்கோ பனந்தோப்பு முழுவதும் ஒரு பொருட்டன்று. தன்னிலும் மிகச் சிறிய தடையை அலை எளிதாக வளைந்து கடந்துவிடும்.

யாழ்ப்பாணத்துப் பழைய நேயர்கள், கொழும்பைவிடத் திருச்சி பகலில் தெளிவாகக் கேட்டதை வியப்போடு சொல்வதுண்டு. திருச்சி ஏறக்குறைய 190 கிலோமீற்றர் தொலைவில் இருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் கடல். மத்திய அலை பகலில் நிலத்தைத் தழுவியே செல்லும். வறண்ட தரை அதன் வலுவை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கடலின்மேற் செல்லும் அலை மிகக் குறைவாகவே தளரும். கொழும்பிலிருந்து வரும் அலைக்கு வழிநெடுகத் தரை. திருச்சியிலிருந்து வரும் அலைக்கோ வழியின் பிற்பகுதி பாக்குநீரிணை. மக்களைப் பிரித்த கடலே அலைக்குப் பாதையாயிற்று.

தொலைக்காட்சிக்கும் பண்பலை ஒலிபரப்புக்கும் பயன்படும் அலைகள் சில மீற்றர் நீளமே உடையவை. அவை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். 1995 ஆம் ஆண்டில் இராமேசுவரத்தில் எழுப்பப்பட்ட தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீற்றர் உயரமுடையது. அதன் உச்சியிலிருந்து செல்லும் அலை ஏறக்குறைய 74 கிலோமீற்றர் தூரத்தில் அடிவானைத் தொட்டுவிடும். நல்லூரோ ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. தரையில் நிற்பவருக்கு எட்டாத அவ்வலை, 15 மீற்றர் உயரக் கம்பத்தின் உச்சியிற் கட்டிய அன்ரனாவுக்கு மட்டுமட்டாக எட்டும். குன்றுகளற்ற குடாநாட்டில் வீடுகளுக்கு மேலே நெடிய கம்பங்கள் எழுந்தமைக்கு இக்கணக்கே காரணம்.

சிற்றலையின் வழி வேறு. சூரியனின் ஊதாகடந்த கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுக்கின்றன. அதனால் உண்டான அயனமண்டலம் மேலெழும் சிற்றலையைச் சிறிது சிறிதாக வளைத்து மீண்டும் பூமிக்கு அனுப்புகிறது. பூமியிலும் கடலிலும் பட்டு அது மறுபடியும் மேலெழும். இப்படித் துள்ளித் துள்ளி ஆயிரக்கணக்கான கிலோமீற்றரைக் கடக்கும். பகலில் அயனமண்டலத்தின் அடிப்படலம் மத்திய அலையைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் அப்படலம் கலைந்துவிடுவதால், இரவில் தூரத்து நிலையங்கள் மத்திய அலையிலும் கேட்கின்றன. இரு வேறு வழிகளில் வந்த அலைகள் ஒன்றோடொன்று கூடினால் ஓசை ஓங்கும். ஒன்றையொன்று அழித்தால் தேயும். செய்தி வாசிப்பவரின் குரல் அலைமேற் படகுபோல் ஏறி இறங்கியதன் காரணம் இதுவே.

இவ்வறிவெல்லாம் ஏட்டிலுள்ள பாடமாக மட்டும் இல்லாத ஒரு காலம் நல்லூருக்கு இருந்தது. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயின. பாதை அடைபட்டது, கம்பி அறுந்தது, கடிதம் வருவது அரிதாயிற்று. வானத்திலே அலைகள் மட்டும் முன்போலவே வந்துகொண்டிருந்தன. அவற்றைச் செவிக்குத் தரும் பெட்டிக்கு உயிரூட்ட வழியில்லை.

அப்போது மக்கள் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, தைனமோ சுழன்றது. அது தந்த ஆடலோட்டத்தை இருவாயிகள் நேரோட்டமாக்க, வானொலி பேசியது. இலண்டனிலிருந்து 1941 ஆம் ஆண்டு முதல் 2017 ஆம் ஆண்டு வரை வானொலியில் ஒலித்த பீ.பீ.சீ. தமிழோசையை அவ்விதம் கேட்டவர் பலர். மிதிப்பவர் களைத்தால் குரல் மங்கும். அடுத்தவர் ஏறி அமர்ந்தால் மீண்டும் தெளியும். தம் ஊரில் நேற்று நடந்ததை எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்த சொற்களால் அவர்கள் அறிந்துகொண்டார்கள். பிரிந்துபோன மகன் இருக்கும் திசையில் என்ன நிகழ்ந்தது என்பதை அறியக் காத்திருந்த தாய்க்கு அந்தச் சில நிமிடங்களின் விலை சொல்லில் அடங்குமா?

இங்கே சிந்திக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. சுழலும் காந்தம் கம்பியில் மின்னைப் பிறப்பிக்கும் விதியும், வானொலி அலை வெளியில் விரைந்து வருவதற்கு ஆதாரமான விதியும் வேறல்ல. பரடே கண்ட அதே விதி, சைக்கிளின் சக்கரத்தருகே பெட்டிக்கு உயிரளித்தது. அதே விதி, கடல் கடந்து குரலைக் கொணர்ந்தது.

அலை எல்லையை அறியாது, வேலியை மதியாது. ஆயினும் ஒரே மீடிறனில் வலிய வேறோர் அலையை எழுப்பி அதனைக் குழப்பிவிடவும் மனிதனால் முடியும். உண்மையைக் கொணர்வதும் பொய்யைக் கொணர்வதும் அலைக்கு ஒன்றே. எதனை ஏற்றி அனுப்புவது என்பது அனுப்புவோர் பொறுப்பு. இருளில் பெடல் மிதித்துக் கேட்கும் ஒருவர் மறுமுனையில் இருக்கக்கூடும் என்ற நினைவு, ஒலிவாங்கியின் முன் அமரும் எவரையும் விட்டு நீங்கலாகாது.