மேல்முறையீடு இல்லாத நீதிமன்றம்

(மாவட்ட விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெற்றி பெற்ற வீரர்களே, வீராங்கனைகளே! வெற்றிக்கு ஒரு விநாடி பின்தங்கி, அடுத்த ஆண்டுக்காக இப்போதே ஆயத்தமாகிவிட்ட இளந்தோழர்களே!

விளையாட்டு விழாவுக்கு அழைக்கப்பட்டவர் விளையாட்டின் பெருமையைப் பேசுவது மரபு. உடல் உரம் பெறும், உள்ளம் திடம் பெறும், ஒற்றுமை ஓங்கும் என்றெல்லாம் எனக்கு முன் பேசிய நண்பர்கள் அழகுறக் கூறிவிட்டார்கள். அதனையே நானும் கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. இத்தகைய மேடைகளிலே எவரும் எடுத்துப் பேசாத ஒன்றைப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

சற்று முன்னர் பரிசு வழங்கும்போது நான் ஒன்றைக் கவனித்தேன். கோப்பையைக் கையிலே வாங்கிய பிள்ளைகள், கொடுத்த என் முகத்தைப் பார்க்கவில்லை. படமெடுத்தவரையும் பார்க்கவில்லை. கூட்டத்திலே கண்களை ஓடவிட்டு எதையோ தேடினார்கள். அம்மா எங்கே, அப்பா எங்கே என்று தேடினார்கள்! அந்த முகம் தென்பட்ட பிறகுதான் அவர்கள் முகம் மலர்ந்தது. ஊரே கைதட்டினாலும், வீடு கைதட்டினால்தான் அது வெற்றி.

அந்த வீடு கைதட்ட மறுத்தால்? வென்று வந்த மகளைப் பார்த்து, "நீ எங்கள் மகள் அல்ல" என்று வாசற்கதவைச் சாத்தினால்? அப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்தது. கதையல்ல, நம் காலத்திலே, நம் நாட்டிலே நடந்தது.

ஒடிசா மாநிலத்திலே ஜாஜ்பூர் மாவட்டம். அங்கே கோபால்பூர் என்றொரு சிற்றூர். தறியை நம்பி வாழும் நெசவாளர் குடும்பம். அக்குடும்பத்திலே பிறந்தவர் துத்தி சந்த். முதலிலே ஓடத் தொடங்கியவர் அவருடைய அக்காள். அக்காளைப் பார்த்துத் தங்கையும் ஓடினார். ஓடி ஓடி நாட்டின் மிக விரைவான பெண் என்று பெயரெடுத்தார்.

2014 ஆம் ஆண்டு, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் புறப்படும் வேளையிலே அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். குற்றம் என்ன? மருந்து உண்டாரா? இல்லை. விதியை மீறினாரா? இல்லை. அவருடைய உடலிலே இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன், பெண்ணுக்கு இவ்வளவுதான் என்று அதிகாரிகள் வரைந்த கோட்டைத் தாண்டிவிட்டதாம். மருத்துவம் செய்து குறைத்துக்கொண்டு வா, அதன் பிறகு ஓடலாம் என்றார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணிடம், உன் உடலே உன் குற்றம் என்றார்கள்.

இந்தக் கொடுமை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலே செங்கற்சூளைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2006 ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டிலே 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற அந்த வீராங்கனையிடமிருந்து, பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அன்றைய தமிழக அரசு அவருக்கு 15 இலட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டியது. ஆயினும் பறிபோன பதக்கம் திரும்பவில்லை. 2012 ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்யும் செய்தியைப் படித்து நாடு தலைகுனிந்தது. அவருக்காக வாதாட அன்று எவரும் உலக அரங்கிலே எழுந்து நிற்கவில்லை.

துத்தி சந்த் எழுந்து நின்றார். சுவிட்சர்லாந்து நாட்டின் லொசான் நகரிலே உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு உலகத் தடகளச் சம்மேளனத்தையே இழுத்தார். நெசவாளி மகள் ஒரு பக்கம், உலக அமைப்பு மறுபக்கம்! 2015 ஜூலையிலே தீர்ப்பு வந்தது. அந்த விதி நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் மீண்டும் ஓடினார். 2016 இல் ரியோ ஒலிம்பிக்கிலே 100 மீட்டர் ஓட்டக் களத்தில் நின்றார். 1980 க்குப் பிறகு அந்தக் களத்தில் நின்ற இந்தியப் பெண் அவரே. 2018 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலே இரண்டு வெள்ளிப் பதக்கங்களைச் சுமந்து வந்தார்.

இவ்வளவு போராடி வென்ற அந்தப் பெண், 2019 மே மாதத்திலே ஓர் உண்மையை உலகறியச் சொன்னார். தம் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் தாம் நேசிப்பதாகவும், அவளோடு வாழ விரும்புவதாகவும் கூறினார். பெண் பெண்ணையும், ஆண் ஆணையும் நேசிப்பதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். அதனை வெளிப்படையாகச் சொன்ன முதல் இந்திய விளையாட்டு வீராங்கனை அவர்.

அப்போது என்ன நடந்தது? தடகளச் சம்மேளனம் தடுக்கவில்லை. சட்டம் தண்டிக்கவில்லை. தடுத்தது வீடு! உறவினர் முகத்திலே எப்படி விழிப்பது என்று தாயார் வருந்தினார். அவருக்கு முன்னே ஓடிய அக்காளே எதிர்த்து நின்றார். குடும்பத்தை விட்டு வெளியேற்றுவதாக மிரட்டினார் என்று துத்தி சந்தே செய்தியாளர்களிடம் கூறினார்.

தோழர்களே! இங்கேதான் நான் உங்களைச் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். லொசானிலே வழக்காட அவருக்கு வழக்கறிஞர் கிடைத்தார்கள். நடுவர்கள் இரு பக்கமும் கேட்டார்கள். சான்று எங்கே என்று வினவினார்கள். வீடு என்னும் நீதிமன்றத்திலோ வழக்கறிஞர் கிடையாது. சான்று கேட்பாரில்லை. ஊர்வாயே சாட்சி, உறவினர் முகச்சுளிப்பே சட்டம், அச்சமே நீதிபதி! அந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது. உலகத்தை எதிர்த்து வென்றவர், தம் வீட்டு வாசலிலே தோற்று நின்றார்.

ஆயினும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டே மாதங்களில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலே நடைபெற்ற உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரை 11.32 விநாடியில் கடந்து தங்கம் வென்றார்.

2023 ஆம் ஆண்டு, தடை செய்யப்பட்ட மருந்து தொடர்பாக அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அது விளையாட்டு விதியின் கணக்கு. அதைக் காட்டி, "பார்த்தீர்களா, அப்படிப்பட்டவள்தானே" என்று கூறுவோர் இரண்டு கணக்கை ஒன்றாகக் குழப்புகிறார்கள். மருந்துக் குற்றத்துக்கு ஆளானோர் எத்தனையோ பேர். அவர்களுடைய காதலையோ கல்யாணத்தையோ எவரும் அதற்குக் காரணம் காட்டியதில்லை.

"இது படிப்பறிவு குறைந்த சிற்றூரின் கதை, மேலை நாட்டிலே இப்படி நடக்காது" என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்துக்குச் செல்வோம்.

அங்கே ஜஸ்டின் ஃபஷானு, ஜான் ஃபஷானு என்று இரு சகோதரர்கள். இருவரும் கால்பந்து வீரர்கள். இளமையிலே பெற்றோரைப் பிரிந்து, வளர்ப்புக் குடும்பம் ஒன்றிலே ஒன்றாக வளர்ந்தவர்கள். அண்ணன் ஜஸ்டின் 1981 இல் நாட்டிங்ஹாம் பாரஸ்ட் அணிக்குப் பத்து இலட்சம் பவுனுக்கு மாற்றப்பட்டார். இங்கிலாந்திலே அவ்வளவு விலை பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர். 1990 அக்டோபரிலே, தாம் ஆண்களை நேசிப்பவர் என்று ஒரு பத்திரிகை வாயிலாக அறிவித்தார்.

தம்பி என்ன செய்தார்? அண்ணன் வாய் திறவாதிருக்கப் பணம் கொடுத்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். செய்தி வெளிவந்ததும், அண்ணன் தமக்கு வேண்டாதவர் என்று மற்றொரு பத்திரிகையிலே அறிவித்தார். ஒரே தட்டிலே உண்டு வளர்ந்தவர்கள்! ரசிகர்களின் ஏளனத்தைத் தாங்கும் வீரன், தம்பியின் சொல்லை எப்படித் தாங்குவான்? 1998 இல் அமெரிக்காவிலே ஜஸ்டின் மீது பாலியல் குற்றச்சாட்டு ஒன்று எழுந்தது. அது நீதிமன்றம் ஏறும் முன்பே, லண்டனில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 37. அந்தச் சாவுக்கு இதுவே காரணம் என்று எதையும் தனித்துச் சுட்ட நமக்கு உரிமையில்லை. ஆனால், தம்பி ஜான் பிற்காலத்திலே தம் செயலுக்காக வருந்தினார். வருத்தம் உண்மையானது. கேட்பதற்குத்தான் அண்ணன் இல்லை.

அந்த ஜானின் மகள் அமல், பெரியப்பாவின் வரலாற்றை 2012 இல் தொலைக்காட்சிப் படமாக்கி நாட்டின் முன் வைத்தார். 2020 இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் ஜஸ்டினைப் புகழ் மண்டபத்திலே சேர்த்தது. தந்தை சாத்திய கதவை மகள் திறந்தார். திறக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 2022 மே மாதம், பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ் என்ற 17 வயது இளைஞர், தாமும் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். ஜஸ்டினுக்குப் பிறகு 32 ஆண்டுகளாக, ஆடிக்கொண்டிருக்கும்போதே இதனைச் சொல்லும் துணிவு அந்நாட்டின் ஆண் தொழில்முறைக் கால்பந்து வீரர் எவருக்கும் வந்ததில்லை. இந்த இளைஞருக்கு எப்படி வந்தது? உலகத்துக்குச் சொல்லுமுன் தாயிடமும் சகோதரியிடமும் சொன்னார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் ஆட்டத்திலே நான்கு கோல் அடித்ததாக அவரே மகிழ்வோடு குறிப்பிட்டார். தாய் நீக்கிய சுமை அவ்வளவு! கால்களிலே கட்டியிருந்த கல்லை அவிழ்த்துவிட்டால், காளை பாயாதா?

இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர் சிலர், "இது நமக்கு எதற்கு? இது மேலை நாட்டுச் சரக்கல்லவா?" என்று நினைக்கலாம். அன்பு எந்த நாட்டின் சரக்கும் அன்று. கப்பலேறி வந்தது எதுவென்றால், அன்பைக் குற்றமாக்கிய சட்டம்! 1860 இலே ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு அது. 2018 செப்டம்பர் 6 ஆம் நாள், மனமொத்த வயது வந்தோரை அது தீண்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 2023 அக்டோபரிலே திருமண உரிமையை அதே நீதிமன்றம் வழங்க மறுத்தது உண்மை. போராட்டம் முடியவில்லை. ஆனால் குற்றம் என்ற சொல் போய்விட்டது.

வேறு சிலர், "மருத்துவரிடம் காட்டித் திருத்திவிடலாம்" என்பார்கள். நோயாக இருந்தாலல்லவா மருந்து? 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோருக்கு அஞ்சி ஓடிவந்த இரு பெண்களின் வழக்கிலே, இத்தகைய 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடை செய்ய ஆணையிட்டது. அதன் தொடர்ச்சியாக, அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் அறிவித்தது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி, இதுபற்றித் தமக்குப் போதிய தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் அறிஞரிடம் தாமே பாடம் கேட்டார். நீதிபதியே மாணவராகும்போது, தாயும் தந்தையும் கற்கக் கூடாதா?

இறுதியாக, நம் இயக்கத் தோழர்களுக்கு ஒரு சொல். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறப்பைக் காட்டி ஒருவரைத் தாழ்த்துவது இழிவு என்று ஊர் ஊராக முழங்கியவர்கள் நாம். திருநங்கை என்ற மதிப்பான பெயரை நாடறியச் செய்து, 2008 இல் அவர்களுக்கு நல வாரியம் கண்ட தமிழ்நாடு இது. ஆனால் மேடையிலே பகுத்தறிவு பேசிவிட்டு, வீட்டிலே "ஊர் என்ன சொல்லும்" என்று நடுங்குவோர் நம்மிலே இல்லையா? ஊருக்கு உரைத்ததை வீட்டிலே நடத்திக் காட்டாவிட்டால், அது கொள்கையாகாது, வெறும் சொல்லடுக்காகிவிடும்.

பயிற்சியாளர்களே! திடலிலே ஒரு பிள்ளையைக் கேலி செய்ய நீங்கள் பயன்படுத்தும் சொல், அருகே நிற்கும் மற்றொரு பிள்ளையின் நெஞ்சிலே முள்ளாகத் தைக்கலாம். அந்தச் சொல்லை இன்றோடு விட்டொழியுங்கள். மன்றத்தின் நிர்வாகிகளே! ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வரும் பெண்ணின் கால்களைச் சோதியுங்கள். பெண்மையைச் சோதிக்காதீர்கள்.

தாய்மார்களே! பெரியோர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளை கோப்பையோடு வீடு திரும்புவான், திரும்புவாள். என்றேனும் ஒருநாள் அந்தப் பிள்ளை உங்கள் முன்னே நின்று, சொல்லத் தயங்கி, சொல்லிவிட்டுத் தலைகுனியலாம். அப்போது நீங்களே நீதிபதி. உங்கள் தீர்ப்புக்கு மேலே வேறு நீதிமன்றம் இல்லை. ஆகவே தீர்ப்புக் கூற விரையாதீர்கள். முதலிலே, "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலே, "நீ எங்கள் பிள்ளைதான்" என்ற பதில் இருக்கிறது.