இரத்தம் உரைக்கும் இதயச் செய்தி



கல்விக் கழக விழாவில் இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நம் தெருவில் ஒருவரை இழந்தோம். ஒப்பந்தத் தொழிலாளி. இரவுப் பணி முடிந்து கடம்பத்தூர் நிலையத்தில் இறங்கியவர், நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயு என்று நாமே முடிவு கட்டிச் சோடா வாங்கிக் கொடுத்தோம். பின்னர் ஒரு மருத்துவமனையில் ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்து, குற்றமில்லை என்று அனுப்பிவிட்டனர். மறுநாள் பொழுது விடியுமுன் மறைந்தார். அந்தச் சீட்டைப் படித்துக் கேள்வி கேட்க நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதயத் தசையினுள் டிரோபோனின் என்னும் புரதம் உண்டு. குழாய் அடைபட்டுத் தசை மடியும்போது அஃது இரத்தத்தில் கசிகிறது. 1954-இல் கார்மன், ரோப்லெவ்ஸ்கி, லடூ ஆகியோர் மாரடைப்புக்குப்பின் எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதி இரத்தத்தில் கூடுவதைக் காட்டினர். ஆனால் அது கல்லீரலிலும் உண்டு; ஐயம் நீங்கவில்லை. பின்வந்த சி.கே.-எம்.பி. மேலானது, எனினும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும். டிரோபோனினோ ஒரு வாரத்திற்கு மேலும் நிற்கும்.

ஆயினும் அது உடனே தென்படுவதன்று. பழைய முறையில் மூன்று நான்கு மணி நேரமாகும்; நுண்ணுணர்வு முறையில் சற்று முன்னதாகத் தெரியும். ஆகவே, வலி கண்டவுடன் எடுத்த ஒரே சோதனையை நம்பி வீடு திரும்பலாகாது. சில மணி கழித்து மீண்டும் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் இவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதனாலும் மறுசோதனை இன்றியமையாதது. இவற்றிற்கெல்லாம் முன்னதாக, போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்திற்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். அதில் பெரிய அடைப்பு தெளிவாகத் தெரிந்துவிட்டால் இரத்த முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது.

2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதலில் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளது. 108-ஐ அழையுங்கள், பேருந்துக்கு நிற்காதீர்கள்.

வலி தொடங்கிய மணி, முதற் சோதனையின் மணி, மறுசோதனையின் மணி ஆகிய மூன்றையும் குறிக்க இடம்விட்டு, நம் மாணவர்கள் சீட்டுகள் எழுதி வாயிலில் வைத்துள்ளனர். போகும்போது வீட்டிற்கு ஒன்றாக எடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம்.