மாணவர் எழுதும் பொருள்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், கன்னிவாடியில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் வாழ்த்திவிட்டு அமர்வது எளிது. ஆனால் சங்கத்தார் எனக்கு ஒரு பொருளைத் தந்து பேசப் பணித்துள்ளனர். "தொழில்நுட்பத்திலும் இலக்கியத்திலும் நம் மாணவர் விரும்பி எழுதும் பொருள்கள் யாவை? அவற்றை அவர்கள் எவ்வாறு எழுதுகின்றனர்?" என்பது அது. முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாக அரசுப் பள்ளிகளில் கட்டுரை ஏடுகளைத் திருத்தியவன் என்ற ஒரு தகுதியைக் கொண்டு இதைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன்.

மாணவர் விரும்பும் பொருள்களின் பட்டியல் நீளமானது அன்று. நான் பணியேற்ற நாளில் தொழில்நுட்பம் என்றால் 'அறிவியலின் ஆக்கமும் அழிவும்', 'கணிப்பொறியின் பயன்கள்', 'தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்' என்று எழுதுவர். பின்னர்ச் செல்பேசி வந்தது; இணையம் வந்தது; 2008-ல் சந்திரயான் விண்ணில் ஏறியது. இன்று செயற்கை நுண்ணறிவும் மின்சார ஊர்தியும் பட்டியலில் சேர்ந்துள்ளன. இலக்கியத்திலோ 'வள்ளுவர் காட்டும் அறம்', 'பாரதி கண்ட புதுமைப் பெண்', 'சங்க இலக்கியத்தில் இயற்கை', 'நான் விரும்பும் நூல்' ஆகியவை அன்றும் இன்றும் மாறாது நிற்பவை. இவை தாழ்ந்த பொருள்கள் என்று நான் கூறமாட்டேன். ஆயினும், நூறு ஏடுகளில் ஒரே முன்னுரை, ஒரே மேற்கோள், ஒரே முடிவுரை. ஏட்டின் மேலுறையை எடுத்துவிட்டால், எழுதியவன் கன்னிவாடிக்காரனா கும்பகோணத்துக்காரனா என்று கண்டறிய இயலாது. எழுதுகோல் பிடித்தவன் அவன். எழுதியது கட்டுரைத் துணைநூல்.

இதற்கு மாணவரைக் குறை கூறும் உரிமை எனக்கு உண்டா? இல்லை என்பதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். இதை நான் எந்த மேடையிலும் இதுவரை சொன்னதில்லை.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள். பத்தாம் வகுப்பு மாணவர்க்கு 'அறிவியலால் விளைந்த நன்மைகள்' என்று கட்டுரை கொடுத்தேன். எல்லாரும் நீராவி எஞ்சினில் தொடங்கி வானூர்தியில் முடித்திருந்தனர். ஒரு மாணவன் மட்டும் தன் தந்தையைப் பற்றி எழுதியிருந்தான். தந்தை நாள்தோறும் பேருந்தேறித் திண்டுக்கல்லுக்குத் தோல் பதனிடும் வேலைக்குச் சென்று வருபவர். "முன்பு தோலை மரப்பட்டைச் சாற்றில் பல வாரம் ஊற வைப்பார்கள். அப்போது அப்பாவின் கை பழுப்பு நிறமாக இருந்தது. இப்போது மருந்துத் தூளைப் போட்டு உருளையில் சுற்றுகிறார்கள். ஒரு நாளில் வேலை முடிகிறது. இப்போது அப்பாவின் கை நீலமாக இருக்கிறது. இது நன்மையா என்று எனக்குத் தெரியவில்லை." ஏறக்குறைய இவ்வாறு எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் பல இருந்தன. நான் சிவப்பு மையால், "பொருளுக்குப் புறம்பானது, வீட்டுச் செய்தி வேண்டா" என்று எழுதி, இருபதுக்கு ஆறு மதிப்பெண் இட்டேன்.

அந்தக் கட்டுரையின் அருமை எனக்குப் புரியாமல் இல்லை. நான் அஞ்சினேன். பொதுத் தேர்வு விடைத்தாளில் மாணவன் பெயர் இராது; எண் மட்டுமே இருக்கும். ஆனால் 'தோல்' என்னும் ஒரு சொல், இவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதைத் திருத்துபவர்க்குக் காட்டிக் கொடுத்துவிடும் என்று கருதினேன். நானும் அதே தெருவிலிருந்து வந்தவன். என் தெருவை மறைத்து எழுதித்தான் நான் தேறினேன். ஆகவே அவனுக்கும் மறைக்கக் கற்றுக்கொடுத்தேன். அதன்பின் அவன் துணைநூலை மனப்பாடம் செய்தான். நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். ஆனால் என்னிடம் பயின்ற காலம் முழுவதும் தன் சொந்தச் சொல் ஒன்றைக்கூட அவன் மீண்டும் எழுதவில்லை. சாதி நேரில் நின்று அவனைத் தடுக்கவில்லை, தோழர்களே. என் சிவப்பு மைக்குள் இருந்து தடுத்தது.

அம்மாணவன் தொட்ட பொருள் எத்துணைப் பெரியது என்பதை இன்று எண்ணிப் பார்க்கிறேன். நமக்கு மேலே நிற்கும் பழனி மலைத் தொடரின் உச்சியில், கொடைக்கானலைச் சுற்றியுள்ள புல்வெளிகளில், வாட்டில் என்னும் அயல்நாட்டு மரத்தை அரசு வனத்துறை பெருமளவில் நட்டு வளர்த்தது. அதன் பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பொருள் மிகுதி. பின்னர்க் குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. அவ்வுப்பு தோலை வெளிர் நீலமாக்கும். அந்தப் பையன் தன் தந்தையின் கையில் கண்ட நீலம் அதுவே. வாட்டில் மரமோ இன்று புல்வெளிகளையும் சோலைகளையும் நெருக்கிப் பரவும் களையாக நிற்கிறது.

பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டுக் கொணர்வர். அதைக் கழுவிய உப்பு நீரும் பதனிட்ட கழிவு நீரும் நிலத்தில் இறங்கின. திண்டுக்கல் சுற்றுப்புறத்தில் பல உழவுக் கிணறுகள் உவர்ந்து போயின. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. அத்தீர்ப்பில் பெயர் சுட்டப்பட்ட தமிழக மாவட்டங்களுள் நம் மாவட்டமும் ஒன்று. ஒரு தந்தையின் கையிலிருந்து தொடங்கினால் வேதியியல், காட்டியல், நிலத்தடி நீர், சட்டம் ஆகிய அனைத்தும் வந்து சேர்கின்றன. இதைத்தான் நான் பொருளுக்குப் புறம்பு என்றேன்.

இலக்கியமும் இதே பொருளில் இருந்தது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராக வாழ்ந்த டி. செல்வராஜ் அவர்கள், இவ்வூர்த் தோல் தொழிலாளரின் வாழ்வையும் அவர்கள் சங்கமாகத் திரண்டதையும் 'தோல்' என்னும் புதினமாக எழுதினார். 2010-ல் வெளிவந்த அந்நூல் 2012-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. விருதுச் செய்தியை நாளிதழில் படித்த காலையில், நான் இட்ட ஆறு மதிப்பெண் என் நினைவில் வந்து நின்றது.

இளைஞர்கள் என்னை மறித்துக் கேட்கலாம்: "ஐயா, அந்தக் குழியிலிருந்து வெளியேறத்தானே பள்ளிக்கு வந்தோம்? மீண்டும் அதையே எழுதச் சொல்கிறீர்களே! மற்றவர் பிள்ளை விண்வெளியைப் பற்றி எழுதுவான். நாங்கள் தோலையும் பறையையும் பற்றித்தான் எழுதவேண்டுமா?" நியாயமான கேள்வி. இதற்கு விடையை அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்திலேயே காணலாம்.

1913-ல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், 1916 மே மாதம் 9-ஆம் நாள், அங்கே மானிடவியல் ஆய்வரங்கில் ஒரு கட்டுரை படித்தார். அப்போது அவருக்கு அகவை 25. அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் இயக்கமும் வளர்ச்சியும். தம்மைச் சுட்ட நெருப்பையே ஆய்வுப் பொருளாக்கினார். அதை அழுகையாக எழுதாமல், காரண காரியம் கண்டு எழுதினார். அதே மாணவர் பின்னர் இலண்டன் பொருளியல் பள்ளியில் எடுத்த பொருள் ரூபாயின் சிக்கல். அது 1923-ல் நூலாக வெளிவந்தது. சாதியும் அவர் பொருள். ரூபாயும் அவர் பொருள். "உனக்குரியது இது மட்டுமே" என்று எவரும் அவருக்கு வரம்பு கட்ட அவர் இடந்தரவில்லை. நம் பிள்ளைகளும் விண்வெளியை எழுதட்டும், தோலையும் எழுதட்டும். ஒரு தொழிலைப் பற்றி எழுதுவது அத்தொழிலுக்குத் தலைவணங்குவது ஆகாது. அறிந்து எழுதியவனே அதை மாற்றவும் வல்லவன். தோலை ஆராய்வதற்கென்றே சென்னை அடையாற்றில் 1948 முதல் ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. குழியில் நின்றவனின் மகள் அங்கே ஆய்வாளராக நின்றால், அது குழிக்குத் திரும்புதல் ஆகுமா?

நம் முன்னோரும் இவ்வழியே சென்றனர். சித்த மருத்துவராகிய அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி இலக்கியம், வரலாறு, மருத்துவம், அரசியல் அனைத்தையும் எழுதினார். பூமணியின் 'பிறகு' 1979-லும், பாமாவின் 'கருக்கு' 1992-லும், இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-லும் வந்தன. பாமாவும் இமையமும் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள் என்பதை நான் பெருமையோடு நினைவூட்டுகிறேன்.

இன்று கல்லூரிகளில் இந்நூல்களைப் பற்றியும் பலர் ஆய்வேடு எழுதுகின்றனர். மகிழ்ச்சிக்குரியதே. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நூலின் பெயரை மட்டும் மாற்றி, 'வலி', 'விளிம்பு', 'எதிர்ப்பு' என்னும் அதே மூன்று சொற்களை எல்லா ஏட்டிலும் நிரப்பினால், அதுவும் புதிய துணைநூலே ஆகும். பாமாவைப் படித்த மாணவி தன் பாட்டியிடம் பத்துக் கேள்வி கேட்டு எழுதினால், அதுவே பாமாவுக்குச் செய்யும் மரியாதை.

துணைநூலின் வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு ஏற்றுக்கொண்டுள்ளது. தலைப்பைச் சொன்னால் நொடிப்பொழுதில் பிழையற்ற கட்டுரை வந்து விழுகிறது. அதை நான் பகையாகக் கருதவில்லை. ஐயம் கேட்கவும் மொழி பெயர்க்கவும் பயன்படுத்துங்கள். ஆனால் அது ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் பயின்று எழுதும் கருவி என்பதை மறவாதீர்கள். நம் மக்களின் வாழ்வில் பெரும்பகுதி இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை அது எங்கிருந்து எடுத்துத் தரும்? நாம் எழுதாவிட்டால், நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையே அது நமக்குத் திருப்பித் தரும்.

எனவே, இவ்வூரில் இருந்துகொண்டே எழுதத்தக்க பொருள்கள் சிலவற்றைக் கூறுகிறேன். நம் உழவர் சின்ன வெங்காயத்தைப் பட்டறையில் அடைக்கிறார்கள். காற்று எவ்வழியே புகுகிறது, எத்தனை நாளில் எவ்வளவு எடை குறைகிறது? உங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறு முதலில் எத்தனை அடியில் நீர் கண்டது, இன்று எத்தனை அடி? பறையை அடிக்குமுன் ஏன் தீயில் காய்ச்சுகின்றனர்? ஈரம் போய்த் தோல் இறுகும், இறுகினால் ஒலி உயரும், இது இயற்பியல். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களுள் பறையையும் வைத்துள்ளது, இது இலக்கியம். ஒரே கருவியில் இரண்டு பாடங்கள் உள்ளன. களையெடுக்கும் பெண்களின் பாட்டில் வரும் எந்தச் சொற்கள் அகராதியில் இல்லை? பன்றிமலையிலிருந்து இறங்கும் காய்க்கு அங்கே என்ன விலை, ஒட்டன்சத்திரம் சந்தையில் என்ன விலை? இவை எந்தத் துணைநூலிலும் இல்லை.

எழுதும்போது மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். முதலாவது, நேரிற் சென்று காணுங்கள். இரண்டாவது, அத்தொழிலைச் செய்பவரிடம் கேளுங்கள். படிக்காதவர் என்று எண்ணாதீர்கள். மூன்றாவது, அளந்தும் எண்ணியும் நூலோடு ஒப்பிட்டும் சரிபாருங்கள். இந்த மூன்றையும் செய்தபின் துணைநூலை எடுத்தால், அது உங்களை ஆளாது. நீங்கள் அதை ஆள்வீர்கள்.

2021 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வழியே செல்லும் நம் பிள்ளைகள், செய்முறைத் திட்டத்தை விலைக்கு வாங்கி ஒப்படைத்தால், பெற்ற இடத்தால் என்ன பயன்? தாம் கண்ட குறையைத் தீர்க்கும் ஒரு சிறு கருவியையேனும் தாமே செய்து பார்க்கட்டும்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மாலை வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு கையெழுத்து இதழ் உருவாக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் தாம் கண்டு, கேட்டு, சரிபார்த்த ஒரு பொருளை அதில் எழுதட்டும். பிழை திருத்தும் பணியை நான் ஏற்கிறேன். சிவப்பு மையைத் தொடமாட்டேன்; பென்சிலால் மட்டுமே குறிப்பேன். சொல்லைத் திருத்துவேன், பொருளைத் தள்ளமாட்டேன்.

அந்த மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதை நான் அறியேன். அவன் பிள்ளைகள் ஏதேனும் ஒரு பள்ளியில் இன்று கட்டுரை எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அவர்கள் தங்கள் தாத்தாவின் கையைப் பற்றி எழுதினால், அதைத் திருத்தும் ஆசிரியர் என்னினும் அஞ்சாதவராக இருக்கவேண்டும் என்று விழைகிறேன். இங்கே அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவரே அவ்வாசிரியராக அமைந்தால், இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டு உழைத்ததன் பயன் அதுவே.

வளர்க நம் சங்கம்! வெல்க நம் இளைஞர் எழுதுகோல்!